சான்றிதழும் சான்றொப்பமும்



கடல் கடந்து சென்று பொருளீட்டுவது தமிழருக்குப் புதிதன்று. இன்று நம் பெண்கள் பலர் செவிலியராகவும், ஆசிரியைகளாகவும், பொறியாளராகவும் அயல்நாடுகளில் பணிபுரிகின்றனர். அங்கே நம்மை அறிந்தவர் எவருமில்லை. நமக்காகப் பேசுவது நம் சான்றிதழ் ஒன்றே. அதன் சொல்லை அந்நாட்டார் எவ்வாறு நம்புகின்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முன்பெல்லாம் உள்ளூரில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, சான்றிதழின் நகலில் அரசு அலுவலர் ஒருவர் பச்சை மையில் கையொப்பமிடுவது வழக்கமாக இருந்தது. நகல் மூலத்தை ஒத்திருக்கிறது என்பதே அதன் பொருள். வெளிநாட்டிற்கு இது போதாது. துபாயில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு நம் பல்கலைக்கழகப் பதிவாளரின் கையொப்பம் எப்படித் தெரியும்? ஆகவே ஒருவருக்கு ஒருவர் சாட்சி கூற வேண்டியிருக்கிறது. முதலில் மாநில அரசின் உரிய துறை, சான்றிதழ் உண்மையானதா என்று பார்த்துச் சான்றொப்பம் இடுகிறது. அந்த அதிகாரியின் கையொப்பத்திற்கு நமது வெளியுறவு அமைச்சகம் சாட்சி. அமைச்சகத்தின் முத்திரைக்கு, நாம் செல்லவிருக்கும் நாட்டின் தூதரகம் சாட்சி.

இந்த அலைச்சலைக் குறைக்க எழுந்ததே 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை. இதில் சேர்ந்த நாடுகளுக்கிடையே தூதரக முத்திரை தேவையில்லை. 'அப்போஸ்டில்' என்னும் ஒரே சான்று போதும். இந்தியாவில் இது 14-7-2005 முதல் நடைமுறைக்கு வந்தது. வளைகுடா நாடுகளில் ஓமன் 2012-லும், பஹ்ரைன் 2013-லும், சவூதி அரேபியா 2022-லும் இம்முறைக்கு வந்தன. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை 2024 வரை இதில் சேரவில்லை. இத்தகைய நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் அவசியம்.

இங்கே ஓர் உண்மையை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அப்போஸ்டில் என்பது கையொப்பத்திற்கும், ஒப்பமிட்டவரின் பதவிக்கும், முத்திரைக்கும் மட்டுமே சான்று. சான்றிதழில் எழுதியிருப்பது சரியா என்று அது சொல்வதில்லை. அங்கே ஒரு பிழை இருந்தால், எத்தனை முத்திரைகள் விழுந்தாலும் பிழை பிழையாகவே இருக்கும்.

எனக்குத் தெரிந்த செவிலியப் பெண் ஒருவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. பள்ளிச் சான்றிதழில் அவர் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து மட்டும் இருந்தது. கல்லூரிச் சான்றிதழில் ஞானஸ்நானப் பெயரும் சேர்ந்திருந்தது. கடவுச்சீட்டிலோ தந்தையின் முழுப்பெயர்! மூன்று தாள்களும் மூன்று பெண்களைக் காட்டின. திருத்தி முடிப்பதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. பயணச் செலவுக்காக அடகு வைத்த அம்மாவின் வளையல்களை மீட்கவே இரண்டு ஆண்டுகள் ஆயின. அப்பெண் திறமையில் குறைந்தவரல்லர்; ஒரு பெயர் ஒரே விதமாக எழுதப்படாததே குறை.

ஆகவே மாணவிகளே, பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடாதீர்கள். பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றை ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். சான்றிதழ் அச்சாகுமுன் திருத்துவது எளிது. அச்சான பின் பல அலுவலகப் படிகள் ஏற வேண்டும். பாதுகாப்பு என்று எண்ணி மூலச் சான்றிதழை லேமினேட் செய்துவிடாதீர்கள். அதன்மேல் முத்திரை இடுவது கடினம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரிடம் ரசீது இல்லாமல் மூலச் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். ஆள்சேர்ப்பு முகவர் இந்திய அரசின் பதிவு பெற்றவரா என்று விசாரியுங்கள். தமிழக அரசே 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியுள்ளது, அங்கும் கேட்டறியலாம். குறுக்கு வழியில் போலிச் சான்றிதழ் வாங்கினால் வேலை மட்டுமா போகும்? அந்நிய மண்ணில் சிறைவாசமும் நேரும்.

நம் அருட்சகோதரிகள் பத்திரமாகக் காத்துவரும் சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கிறது. நாளை எந்த நாட்டுத் தூதரகம் முத்திரையிட்டாலும், அது அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கும். அந்த வரி சரியாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்வோம்!