கடைவாயில் ஒரு ஸ்டீல் கேப்

பால்பல் சொத்தைக்கு ஸ்டீல் கேப் போடலாம் என்று பல் மருத்துவர் சொன்னதும் பெற்றோர் முகம் மாறிவிடும். "வெள்ளையில் கிடைக்காதா டாக்டர்? சிரித்தால் தெரியுமே!" என்பார் ஒருவர். "எப்படியும் விழப்போகிற பல்தானே, பிடுங்கிவிடுங்களேன்" என்பார் இன்னொருவர்.

பிடுங்குவது எளிது. ஆனால் இரண்டாம் பால் கடைவாய்ப்பல் 10, 12 வயதுவரை வாயில் இருக்க வேண்டியது. நான்கு வயதில் அதை எடுத்துவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாயும். அடியில் வளரும் நிரந்தரப் பல் முளைக்க இடமிருக்காது. பல வருடம் கழித்துக் கம்பி கட்டுகிற செலவு வந்து நிற்கும். கேப் போட்ட பல்லோ, தன் காலம் முடிந்ததும் கேப்போடு சேர்ந்து தானாக விழுந்துவிடும்.

துருப்பிடிக்காத எஃகில் பல அளவுகளில் ஆயத்தமாக வரும் இந்தக் கேப்புகள் 1950 வாக்கில் குழந்தைப் பல் மருத்துவத்துக்குள் நுழைந்தன. பழைய முறையில் ஈறு மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி, பல்லை டிரில்லால் சுற்றிலும் ராவி, பிறகே கேப்பை மாட்டுவார்கள். பிள்ளைகள் அலறுவது அந்த ஊசிக்கும் டிரில்லுக்கும்தான்.

இந்த இரண்டையுமே விட்டுவிட்டார் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பல் மருத்துவர் நார்னா ஹால். 1980களின் பிற்பகுதியிலிருந்து அவர் செய்துவந்தது இவ்வளவுதான்: பல்லுக்குப் பொருந்தும் கேப்பில் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டை நிரப்பி, சொத்தையைத் தொடாமல் பல்லின்மேல் அழுத்துவார், பிள்ளையையே கடிக்கச் சொல்வார். சொத்தையை உள்ளே வைத்து மூடுவதா என்று மற்ற மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் சொத்தைக் கிருமிகள் சர்க்கரையைத் தின்றுதான் அமிலம் கக்குகின்றன. இடைவெளியில்லாமல் மூடிவிட்டால் சர்க்கரை உள்ளே போக வழியில்லை. மூடிய அடுப்பில் தணல் தணிவதுபோல் சொத்தை அடங்கிவிடுகிறது.

டண்டீ பல்கலைக்கழகத்தின் நிக்கோலா இன்னஸ் குழுவினர் இதைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் 132 குழந்தைகள், 17 பல் மருத்துவர்கள். ஒரே பிள்ளையின் வாயில் ஒரு பல்லுக்கு ஹால் முறை, இன்னொரு பல்லுக்கு வழக்கமான சிகிச்சை. எது பிடித்தது என்று கேட்டபோது பிள்ளைகளில் 77 சதவீதமும் பெற்றோரில் 83 சதவீதமும் ஹால் முறையையே சொன்னார்கள். ஐந்து ஆண்டுக்குப் பின் பார்த்தபோது, வலி, சீழ் போன்ற பெரிய தோல்விகள் வழக்கமான சிகிச்சையில் 16.5 சதவீதம், ஹால் முறையில் 3 சதவீதம்.

அத்தனை பெற்றோருக்கும் அந்தப் பளபளப்பு பிடித்திருந்தது என்று இதற்குப் பொருளில்லை. பிள்ளை அழாமல் நாற்காலியைவிட்டு இறங்கியதே அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கும். சிறு பிள்ளைகளுக்கோ பளபளப்பே ஒரு வசதி. "ரோபோ பல்", "அயர்ன் மேன் பல்" என்று டாக்டர் பெயர் வைத்துவிட்டால், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டுவார்கள். எட்டு, ஒன்பது வயதில் கதை மாறலாம். வகுப்பில் யாராவது கிண்டல் செய்தால் உறுத்தும். முதல் கடைவாய்ப்பல் என்றால் சிரிக்கும்போது தெரியவும் செய்யும்.

வெள்ளையாகவும் கேப் உண்டு, சிர்கோனியாவில் செய்வார்கள். விலை அதிகம். அதைவிட முக்கியமானது, அது பொருந்தப் பல்லை நிறைய ராவ வேண்டும். ஊசியும் டிரில்லும் மறுபடி வந்துவிடும். பெரியவர்களின் கூச்சத்துக்குப் பிள்ளை வலியைக் கொடுக்கிற வியாபாரம் இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. முன்பல் என்றால் வேறு பேச்சு.

ஹால் முறையில் கேப் போட்ட பல் முதலில் சற்று உயரமாக நிற்கும்; மற்ற பற்கள் சரியாகச் சேராது. சில வாரங்களில் கடி தானாகச் சரியாகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பல பெற்றோர் பதறுகிறார்கள்.

எல்லாப் பல்லுக்கும் இது ஆகாது. இரவில் தானாக வலி எடுத்தாலோ, ஈறில் சீழ்க்கட்டி இருந்தாலோ கிருமி நரம்புவரை போய்விட்டது என்று பொருள். அங்கே மூடி மறைப்பது ஆபத்து. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, கேப்பின் எஃகில் நிக்கல் கலந்திருக்கிறது. கவரிங் நகை போட்டால் பிள்ளைக்குத் தோல் தடிக்குமென்றால், கேப் போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.