கீரைக்கட்டும் ஆய்வுக்கூடமும்

1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நமக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் மண்ணரையில் கீரை வாங்கும் அம்மாக்கள், "ஏம்மா, இது நொய்யல் ஓரத்துக் கீரையா?" என்று கேட்பது இன்னும் நிற்கவில்லை. ஈயமோ காட்மியமோ சேர்ந்திருந்தால் நிறமும் மாறாது, ருசியும் மாறாது. பிறகு எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து சீல் வைப்பார். ஒரு பங்கு அரசுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு பங்கு நியமன அலுவலரிடம் இருக்கும். வியாபாரி கேட்டால், நான்காவது பங்கு அங்கீகாரம் பெற்ற வேறொரு கூடத்துக்குப் போகும். 14 நாளில் அறிக்கை வரவேண்டும். நமக்குப் பக்கத்தில் கோவையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது.

அங்கே கீரையை அரைத்து, எடை போட்டு, நைட்ரிக் அமிலத்தில் சூடாக்குவார்கள். கீரை முழுக்கக் கரைந்து தெளிந்த நீராகிவிடும். உலோகம் மட்டும் அதிலேயே தங்கும். சாயத்தொட்டியில் மிச்சமுள்ள சாயத்தை, அது விழுங்கும் ஒளியை வைத்து லேபில் அளக்கிறோமே, ஏறக்குறைய அதே தத்துவம்தான் அடுத்த கட்டம். கரைசலைக் கடும் வெப்பத்தில் அணுக்களாக்கி, ஈயத்துக்கென்றே உள்ள விளக்கின் ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஈய அணு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஒளி குறையும். இதுதான் அணு உட்கவர் நிறமாலைமானி.

அளவு எவ்வளவு சின்னது தெரியுமா? பாலில் ஈயத்துக்கு வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். அதாவது பத்துக் கோடியில் இரண்டு பங்கு! கழுவாத குடுவையும் மட்டமான அமிலமுமே பொய்க்கணக்குக் காட்டிவிடும். அதனால்தான் கீரையே போடாமல் வெறும் அமிலத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். தெரிந்த அளவு ஈயத்தை நாமே சேர்த்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். "பிளாங்க் எதுக்கு சார்?" என்று பிராக்டிகலில் சலித்துக்கொள்கிறோமே, இதற்குத்தான்! எண் தவறினால் ஒன்று விவசாயி பிழைப்புப் போகும். இல்லையென்றால் குழந்தையின் தட்டில் விஷம் விழும்.

இன்னொன்று: ஈயத்தைத் தேடினால் ஈயம்தான் தெரியும். பூச்சிமருந்துக்குத் தனிச் சோதனை. "பரிசோதித்தாச்சு" என்று யாராவது சொன்னால், "எதுக்கு?" என்று கேளுங்கள்.

அலுவலர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, நாமே பரிசோதிக்கக் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்ப வரும்.

சந்தேகத்தைச் சந்தேகமாகவே வைத்திருப்பானேன்? அளந்து பார்ப்போம் நண்பர்களே!

– மூன்றாமாண்டு மாணவன், டெக்ஸ்டைல் பிராசஸிங்