ஒரே ஆறு, இரண்டு பாத்திரம்

ரசம் அடுப்பிலேயே கிடந்து சுண்டிவிட்டால் உப்புக் கரிக்கும். நாம் கூடுதலாக உப்புப் போடவில்லை, தண்ணீர்தான் ஆவியாகிவிட்டது. கஜகஸ்தானின் மரமற்ற புல்வெளியில், அஸ்தானாவுக்குத் தென்மேற்கே, இதே சமையல் நடக்கிறது. நூரா ஆறு கடைசியில் போய்ச் சேரும் தெங்கிஸ் ஏரிக்கு வடிகால் கிடையாது. வந்த நீர் வெயிலிலும் காற்றிலும் சுண்டுகிறது, உப்பு தங்கிவிடுகிறது.

அதற்குச் சற்று முன்னாலுள்ள கொர்கல்ஜின் ஏரிகளில், அதே ஆற்றுத் தண்ணீர் நன்னீராகவே நிற்கிறது. எப்படி? அரிசிப் பாத்திரத்தைக் குழாயடியில் வைத்து வழியவிட்டால் கலங்கல் வெளியேறித் தெளிவதுபோல. குளிர்காலப் பனி வசந்தத்தில் உருகி, ஆண்டு முழுவதற்குமான நீரில் பெரும்பகுதி சில வாரங்களில் வந்து இறங்குகிறது. அந்த வெள்ளம் ஏரியில் சேர்ந்த உப்பையும் தள்ளிக்கொண்டு தெங்கிஸுக்குப் போகிறது. வாங்கியதைக் கொடுத்துவிடுவதால்தான் இந்த ஏரி இனிக்கிறது.

ஆழமும் குறைவு. அகலமான வாணலி சீக்கிரம் சூடேறுமே, அப்படித்தான். வெயில் அடிவரை இறங்க, நீர்ச்செடிகளும் பூச்சிப் புழுக்களும் மீன்களும் பெருகுகின்றன. ஆர்க்டிக் செல்லும் வாத்துகள் இங்கே இறங்கி உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்கின்றன. ஒரு கிராம் கொழுப்பில் மாவுச்சத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி. நெடும்பயணத்துக்கு அதைவிட நல்ல கட்டுச்சோறு வேறில்லை. இந்த ஏரித்தொகுதி 1.5 கோடிப் பறவைகளுக்குமேல் உணவளிக்க வல்லது என்கிறார்கள்.

இரண்டு பாத்திரத்துக்கும் விருந்தாளிகள் வேறு. டால்மேஷியன் கூழைக்கடாவுக்கு நன்னீர் மீன் வேண்டும். பூநாரைக்கோ தெங்கிஸின் உப்புநீரில் வாழும் குட்டி இறால் போதும். உலகில் பூநாரைகள் கூடு கட்டும் இடங்களில் மிக வடக்கே இருப்பவற்றில் ஒன்று இது. கோடையில் வாத்துகள் பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டுச் சில வாரம் பறக்க முடியாமல் தவிக்கும். அப்போது அவற்றுக்கு நாணல்தான் அடைக்கலம்.

1968இல் இந்த ஏரிப்பகுதி காப்பகமானது. 2008இல் நவுர்சூம் என்ற இன்னொரு காப்பகத்தோடு சேர்த்து, ‘சர்யார்க்கா’ என்ற பெயரில் உலகப் பாரம்பரியக் களமானது. ஆனால் ஆற்றுக்கு வேலி போட முடியாது. மேலே தெமிர்தாவ் நகரின் ரசாயன ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் பாதரசம் நூராவில் கலந்தது. சேற்றை அள்ளித்தான் பின்னர் சுத்தம் செய்தார்கள். மேலே நீரை அதிகம் எடுத்துவிட்டாலோ, குழாயடிப் பாத்திரமும் ரசப் பாத்திரமாகிவிடும்.

இலையுதிர்காலத்தில், அந்த ஆண்டுக் குஞ்சுகளோடு கூட்டங்கள் தெற்கே திரும்புகின்றன. பனி மூடுவதற்குள் கடைசிப் பந்தியும் எழுந்தாக வேண்டும்.