கரையில் ஓட்டம், தண்ணீரில் நுரை
பெங்களூரின் ஏரிக்கரைகள் ஓட்டக்காரர்களின் மைதானமாகிவிட்டன. ஆனால் அந்த மைதானத்தின் ஆயுள் தண்ணீரின் கையில் இருக்கிறது.

விடிகாலை ஐந்தரை மணி. சாங்கி ஏரிக்கரையில் இருட்டு இன்னும் விலகவில்லை. ஆட்கள் மட்டும் வந்தாயிற்று. காதை மூடி மப்ளர் கட்டிய ரிடையர்டு அதிகாரிகள், சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் காலுக்கு ஷூவுமாக நடக்கும் இல்லத்தரசிகள், மணிக்கட்டில் கட்டிய கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடும் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள். ஒரு சுற்று சுமார் 1.7 கிலோமீட்டர். ஆறு முறை சுற்றி வந்தால் 10 கிலோமீட்டர் கணக்கு முடிந்து போகும். அதற்குள் டிபன் நேரமும் வந்துவிடும். மல்லேஸ்வரத்துக்கும் சதாசிவ நகருக்கும் நடுவே இருக்கும் இந்த ஏரியை 1882ல் வெட்டியவர் கர்னல் ரிச்சர்ட் சாங்கி. பக்கத்தில் அரசு சந்தன மரக்கிடங்கு இருந்ததால் கந்தத கோட்டி கெரே என்ற பெயரும் இதற்கு உண்டு. சுற்றி ஓடுபவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ!

மலை ஏரி என்றால் தமிழர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கொடைக்கானல்தான். மதுரை கலெக்டர் லெவிஞ்ச் 1863ல் உருவாக்கிய அந்த ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர் சாலை. உயரம் 2,100 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். முதல் நாள் ஓடுபவருக்கு நுரையீரல் வாய்க்கு வந்துவிடும். சில வாரம் தங்கிப் பழகினால் உடம்பு ரத்தச் சிவப்பணுக்களைக் கூடுதலாகத் தயாரித்துக் கொள்ளும். உயரமான இடங்களைத் தேடி வீரர்கள் போவது இதற்காகத்தான். பெங்களூர் இருப்பது சுமார் 920 மீட்டர் உயரத்தில். சிவப்பணு சமாச்சாரத்துக்கெல்லாம் அது போதாது. கிடைப்பது குளிர்ந்த காலையும் வியர்வை குறைந்த ஓட்டமும் மட்டுமே. சென்னையிலிருந்து போகிற ஓட்டக்காரர்களுக்கு அதுவே சொர்க்கம்.

தட்டையாகத் தெரிந்தாலும் பெங்களூர் உண்மையில் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். பெரிய ஆறு எதுவும் ஊருக்குள் ஓடவில்லை. பெய்கிற மழை ஹெப்பாள், கோரமங்களா-சல்லகட்டா, விருஷபாவதி என்ற மூன்று பள்ளத்தாக்குகள் வழியாக இறங்கிவிடும். மேற்கே போகும் தண்ணீர் அர்க்காவதி வழியாகக் காவிரியில் சேர்கிறது. கிழக்கே போவது தமிழ்நாட்டுக்காரர்கள் தென்பெண்ணை என்று அழைக்கும் தட்சிண பினாகினியில் விழுகிறது. ஓடுகிற தண்ணீரை நிறுத்திவைக்க அந்தக் காலத்தவர் கண்ட உபாயம்தான் ஏரி. ஒன்று நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அடுத்தது, அது நிரம்பினால் அதற்கடுத்தது என்று படிக்கட்டு போல வெட்டி வைத்தார்கள். 1537ல் ஊரை நிர்மாணித்த கெம்பே கவுடா காலத்திலும் அதற்குப் பிறகும் எழுந்த ஏரிகள் இவை. இன்று ஓட்டக்காரரின் ஷூ படுவது பெரும்பாலும் அந்தப் பழைய ஏரிக்கரைகளின் மேல்தான்.

விளையாட்டுக்கும் ஏரிக்கும் இந்த ஊரில் பழைய பகை ஒன்று உண்டு. நகரின் நடுவே இருந்த சம்பங்கி ஏரியை நம்பி வாழ்ந்தவர்கள் திகளர்கள். தமிழ் வேர் கொண்டவர்களாகக் கருதப்படும் தோட்டக்காரச் சமூகம் இது. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்ததும் ஊருக்குள் இருந்த ஏரிகளின் மவுசு குறைந்தது. சம்பங்கியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்றார்கள் தோட்டக்காரர்கள். போலோ ஆடக் காய்ந்த தரை வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. ஹிதா உன்னிகிருஷ்ணன், ஹரிணி நாகேந்திரா போன்ற ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி இந்தக் கதையை எழுதியிருக்கிறார்கள். கடைசியில் ஜெயித்தது தரைதான். ஏரி இருந்த இடத்தில் இப்போது நிற்பது கண்டீரவா ஸ்டேடியம். 1997 தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது வீரர்கள் பாய்ந்து ஓடியது ஒரு காலத்தில் மீன் நீந்திய இடத்தில். மிச்சமிருப்பது பக்கத்தில் ஒரு சின்னக் குளம். திகளர்களின் கரகத் திருவிழாவின்போது மட்டும் ஊர் அதை நினைத்துக் கொள்கிறது. மெஜஸ்டிக் பஸ் நிலையத்தின் கதையும் இதேதான். அது தர்மாம்புதி ஏரியின் வயிற்றில் நிற்கிறது.

2008ல் பெங்களூரில் தொடங்கிய சர்வதேச 10 கிலோமீட்டர் ஓட்டம் பல ஆண்டுகள் இந்த ஸ்டேடியத்திலிருந்துதான் கிளம்பியது. அதன் பாதை அல்சூர் ஏரிக்கரையையும் தொட்டுச் சென்றது. காணாமல் போன ஏரியில் தொடங்கி உயிரோடிருக்கும் ஏரி வரை! பாதையை வகுத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள்.

அல்சூர் தமிழர்களுக்கு வேண்டப்பட்ட ஏரி. சுமார் 123 ஏக்கர், கரை சுமார் 3 கிலோமீட்டர், நடுவே தீவுகள். பக்கத்திலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். கொஞ்ச தூரத்தில், 18 வருடம் துணி போர்த்திய நிலையில் காத்திருந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறப்பு விழா கண்ட திருவள்ளுவர். இன்னொரு பக்கம் ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் எல்லை. அந்த வீரர்களுக்குப் பட்டாளத்தில் ‘தம்பி’ என்றே செல்லப் பெயர். இப்படிச் சுற்றிலும் சொந்தக்காரர்கள் இருந்தும் ஏரிக்குள் சாக்கடை வருவதை யாராலும் தடுக்க முடியவில்லை. 2016 மார்ச்சில் ஒரு காலையில் வாக்கிங் வந்தவர்கள் கண்டது, கரையோரம் வெள்ளை வெள்ளையாக மிதந்த ஆயிரக்கணக்கான மீன்களை. கழிவு சேர்ந்த தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துபோனால் நடப்பது அதுதான். மூச்சுக்காக ஓட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

ஏரியின் உடம்பு நலத்தை முதலில் அறிகிறவர் ஓட்டக்காரர் என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம். நேற்று இல்லாத நாற்றம், இரவோடு இரவாக லாரி கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடு, வரத்துக் கால்வாயில் நிறம் மாறிய தண்ணீர் எல்லாம் தினசரி சுற்றுபவரின் கண்ணில்தான் முதலில் படும். பத்து மணிக்கு ஆபீஸ் வரும் அதிகாரிக்கு அது கோப்பாக வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். சர்ஜாபூர் சாலையில் சுமார் 48 ஏக்கர் கைகொண்ட்ரஹள்ளி ஏரி மீண்டதில் அக்கம்பக்கத்துக் குடியிருப்புவாசிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜே.பி. நகர் பக்கத்துப் புட்டேனஹள்ளியில் 13 ஏக்கர் ஏரியைப் பராமரிக்க, உள்ளூர்வாசிகள் அமைத்த அறக்கட்டளை 2011ல் மாநகராட்சியுடன் ஒப்பந்தமே போட்டது. சாங்கி ஏரியை ஒட்டி மேம்பாலம் கட்ட மரங்களை வெட்டப் போகிறார்கள் என்றதும் 2023 பிப்ரவரியில் கரையில் திரண்டவர்களில் தினமும் நடக்க வருபவர்களே கணிசம். அவர்கள் மீது போலீஸ் வழக்குகூடப் பதிவானது. ஆனால் திட்டம் நின்றது.

இதற்காக ஓட்டக்காரர்களுக்கு மாலை போட்டுவிட வேண்டியதில்லை. நடைபாதைக்கு ஒரு விலை இருக்கிறது. ஏரியைச் சீரமைக்கிறோம் என்று கிளம்பும் காண்டிராக்டர் முதலில் செய்வது, சுற்றிலும் கரையை உயர்த்தி நடுவே ஆழமாகத் தோண்டுவது. சூப் கிண்ணம் என்று நிபுணர்கள் கிண்டலடிக்கும் வடிவம் இது. சரிவான சதுப்புக் கரை போய்விட்டால் நாரைக்கும் கொக்குக்கும் நிற்க இடமில்லை. பிறகு வேலி. மாடு மேய்த்தவர், புல் அறுத்தவர், துணி துவைத்தவர் எல்லோரும் வெளியே. அவர்களுக்கு ஏரி பிழைப்பு. டிராக் சூட் போட்டவருக்கு அது பொழுதுபோக்கு. போலோ காலத்துத் தகராறு வேறு வேஷத்தில் தொடர்கிறது, அவ்வளவுதான். போதாததற்கு, 2000களில் ஹெப்பாள், நாகவாரா முதலிய ஏரிகளைத் தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கே விட்டது அரசு. காசு கொடுத்தால்தான் கரை என்ற நிலையை எதிர்த்து என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப் 2008ல் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ஏரிகளின் நிலையை ஆராய நீதிபதி என்.கே. பாட்டீல் தலைமையில் குழு அமைந்ததும் அந்த வழக்கில்தான்.

இரு தரப்புக்கும் இடம் இருக்க முடியும் என்பதற்கு வடக்கே ஜக்கூர் ஓரளவு சாட்சி. சுமார் 160 ஏக்கர் ஏரி. தலைமாட்டில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறனோடு கட்டப்பட்டது. அங்கிருந்து வெளிவரும் தண்ணீர் நேராக ஏரிக்குள் விழாமல், கோரையும் நீர்ச்செடிகளும் மண்டிய சதுப்புக்குள் புகுந்து வருகிறது. மெஷின் விட்டுவைத்த அழுக்கில் ஒரு பங்கைச் செடிகள் உறிஞ்சிக் கொள்கின்றன. காலையில் கரையில் ஓடுகிறார்கள். தண்ணீரில் மீன் பிடிக்கிறார்கள். கோடையிலும் ஏரி வற்றுவதில்லை. சாக்கடை நிற்காமல் வருகிறதே!

இந்த ஏற்பாடு எல்லா ஏரிக்கும் வாய்க்கவில்லை. பெல்லந்தூருக்குச் சுத்தமாக வாய்க்கவில்லை. சுமார் 900 ஏக்கர். நகரின் ஏரிகளில் இதுதான் பெரியண்ணன். சுற்றிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகள், அடுக்குமாடிகள். சுற்று ஓட்டத்துக்கு இதைவிடத் தோதான இடம் இருக்க முடியாது. ஆனால் பல வருடங்களாக மூக்கைப் பிடித்தபடி கடந்து போனவர்களே அதிகம். நகரத்துச் சாக்கடையும் அதோடு வந்த சலவை சோப்பு ரசாயனமும் கலங்கி, கலிங்கில் விழும்போது பனிமலை போல நுரை எழும். காற்றடித்தால் ரோட்டுக்கு வந்து ஸ்கூட்டர்காரர் முகத்தில் அப்பும். 2015ல் நுரை தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் ஏரி மறுபடி எரிந்தது. 2018 ஜனவரியில் மீண்டும் தீ. அணைக்க ராணுவ வீரர்களே வரவேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஏரிகளைச் சீராக்க 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவைக்கும்படி கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டது. பிறகுதான் தூர்வாரும் வேலைக்கு வேகம் வந்தது.

பெல்லந்தூரில் வழிவது வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. வர்த்தூரில் வழிவது தட்சிண பினாகினியில் இறங்கி, எல்லை தாண்டி, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் அங்கேயும் நுரை பஞ்சுப் பொதி போல ஆற்றை மூடிக்கொள்கிறது. நாற்றமும் கூடவே வருகிறது. அந்தக் கரையில் ஷூ போட்டுக்கொண்டு ஓட யாரும் வருவதில்லை. அந்தத் தண்ணீரைத்தான் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள் ஓசூர் வட்டாரத்து விவசாயிகள்.