நாரிச் சத்திரசிகிச்சையும் விறைப்பு ஊசியும்

மூட்டை தூக்கி, மண்வெட்டி பிடித்து உழைத்தவர்களுக்கு நாரி நோ புதிதல்ல. பெரும்பாலும் அது மருந்தாலும் பயிற்சியாலும் மாறிவிடும். முள்ளந்தண்டின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை நெரித்தால் சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். “வெட்டின பிறகு நோவைத் தாங்க ஏலுமோ?” என்று பயந்து அதனைத் தள்ளிப்போடுவோர் உண்டு. அந்த நோவைக் குறைக்கும் ஒரு வழியை இங்கு பார்ப்போம்.

இச்சிகிச்சையின்போது தோல் வெட்டப்படுவதோடு, தசைகளும் எலும்பிலிருந்து விலக்கப்படுகின்றன. பின்னர் வரும் நோவில் பெரும்பங்கு இவற்றினுடையதே. ஆகவே நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே, வெட்டுமுன் அல்லது தைக்குமுன், வைத்தியர் காயத்தின் ஓரங்களிலும் தசையிலும் விறைப்பு மருந்தை ஏற்றுவார். பல்லுப் பிடுங்குமுன் முரசில் போடும் ஊசி போன்றதே இதுவும். நோவை மூளைக்கு அறிவிக்கும் நரம்புகளை அது சில நேரம் தடுத்து வைக்கிறது.

1943இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிக்னோகேயின் விரைவாக வேலை செய்யும். ஆனால் ஓரிரு மணித்தியாலத்தில் விட்டுவிடும். 1957இல் அதே நாட்டில் உருவான பியூபிவக்கேயின் பல மணித்தியாலம் நிற்கும். அதன் அளவு உடல் நிறையைப் பொறுத்தது: பொதுவாக ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம், அதாவது 50 கிலோ உள்ளவருக்கு 100 மில்லிகிராம் வரையே. அளவு மீறினால் வலிப்பு வரலாம், இதயமும் பாதிக்கப்படலாம்.

இந்த ஊசியால் முதல் சில மணித்தியாலங்களில் நோ தணியும். வாந்தி, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் தரும் மோர்பின் போன்ற மருந்துகளின் தேவையும் குறையலாம். ஆனால் இது மட்டும் போதாது, குளிசைகளும் வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. முன்பு ஊசி மருந்து ஒவ்வாமற் போயிருந்தால், அல்லது இதய, ஈரல் நோய் இருந்தால், முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

2. விறைப்பு விடும்போது நோ கூடும். அது முற்றும்வரை காத்திராமல் குளிசைகளை நேரத்துக்கு எடுங்கள்.

3. காது இரைந்தால், வாயைச் சுற்றி விறைத்தால் உடனே தாதியிடம் கூறுங்கள்.

4. காயத்தைச் சுற்றி விறைத்திருப்பது இயல்பு. கால் பலமிழப்பதும், மலவாசலைச் சுற்றி விறைப்பதும், சலம் போகாதிருப்பதும் இயல்பல்ல. உள்ளே இரத்தம் தேங்கி நரம்பை அழுத்தக்கூடும். “ஊசியின் விறைப்புத்தானே” என்று இருந்துவிடாதீர்கள். நடுச்சாமமானாலும் தாதியைக் கூப்பிடுங்கள். சில மணித்தியாலத் தாமதம்கூடக் காலை நிரந்தரமாகப் பாதிக்கலாம்.

நோவைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் கிடப்பதைவிட, அதைச் சொல்லி, மருந்தெடுத்து, வைத்தியர் சொன்னபடி எழுந்து நடப்பதே விரைவில் குணமடைய உதவும்.