நடுக்களத்தை விட்டுக்கொடுத்து ஆடும் கலை

சதுரங்கம் கற்கத் தொடங்கும் நமக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம் ஒன்று உண்டு. பலகையின் நட்டநடுவில் உள்ள நான்கு கட்டங்களைக் கைப்பற்ற வேண்டும்; அரசனுக்கும் அரசிக்கும் முன்னால் நிற்கும் சிப்பாய்களை இரண்டு கட்டம் முன்னே செலுத்தி அங்கே நிறுத்த வேண்டும் என்பதே அது. நல்ல பாடந்தான். நடுவில் நிற்கும் குதிரை எட்டுக் கட்டங்களைத் தாக்கும். மூலையில் நிற்கும் குதிரையோ இரண்டே கட்டங்களைத் தாக்கும்.

ஆயினும், சென்ற தவணையில் நம் பள்ளிச் சதுரங்கக் கழகத்தில் நிகழ்ந்த ஓர் ஆட்டம் நம்மைச் சிந்திக்க வைத்தது. ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர் கருங்காய்களுடன் ஆடினார். ஜி வரிசைச் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தி, அது நின்ற ஜி7 கட்டத்தில் மந்திரியை வைத்தார். நடுக்களத்தை எதிரிக்கே விட்டுவிட்டார். கேட்டதற்கு, "இது அதிநவீனத் தொடக்கம்" என்றார். இருபது நகர்த்தல்கள் முடிவதற்குள் வெள்ளைச் சிப்பாய்கள் அணிவகுத்து வந்து அவருடைய காய்களை மூச்சுவிட இடமின்றி நெருக்கிவிட்டன. பிழை முறையில் உள்ளதா, ஆடியவரிடம் உள்ளதா என்னும் வினா எழுந்தது.

இம்முறை 1920ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் தோன்றியது. ஜெர்மனியின் டாராஷ் என்னும் பேராட்டக்காரர் பழைய விதிகளைக் கண்டிப்பான ஆசிரியரைப் போல் போதித்து வந்தார். ரீகாவில் பிறந்த நிம்சோவிச், வியன்னாவின் குரூன்ஃபெல்டு, ரிச்சர்டு ரெட்டி முதலியோர் அவ்விதிகளைக் கேள்வி கேட்டனர். நடுக்களம் முக்கியமன்று என்று இவர்கள் கூறவில்லை. அதை ஆள்வதற்கு அங்கே சென்று அமர வேண்டுவதில்லை. தொலைவில் இருந்தும் ஆளலாம் என்பதே இவர்கள் கூறியது.

பலகையை எடுத்து வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஜி7 கட்டத்தில் உள்ள மந்திரியின் மூலைவிட்டப் பாதை இ5, டி4 ஆகிய இரு நடுக்கட்டங்களின் வழியே செல்கிறது. மந்திரி ஓரத்தில் பத்திரமாக நிற்கிறது. அதன் பார்வை நடுவில் விழுகிறது. இனி, சிப்பாயின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிப்பாய்க்குப் பின்வாங்கும் உரிமை இல்லை. முன்னே வந்த சிப்பாய் வலிமையாகவும் இருக்கலாம். காக்க வேண்டிய சுமையாகவும் ஆகலாம். எதிரியின் சிப்பாய்களை அழைத்து வந்து சுமையாக்குவதே இம்முறையின் உட்பொருள்.

1922ஆம் ஆண்டில் குரூன்ஃபெல்டு அறிமுகப்படுத்திய தற்காப்பு இதற்குத் தக்க சான்று. அவ்வாண்டு வியன்னாவில், பின்னாளில் உலக வெற்றிவீரரான அலெகைனையே அவர் இதனால் வென்றார். இத்தற்காப்பின் முதன்மையான வழியில், வெள்ளைக்கு சி3, டி4, இ4 கட்டங்களில் மூன்று சிப்பாய்கள் அமைகின்றன. பார்ப்பதற்குக் கோட்டைச் சுவர் போல் இருக்கும். கறுப்போ ஜி7 மந்திரியால் டி4ஐக் குறிவைக்கிறது. பிறகு சிப்பாயை சி5க்குச் செலுத்துகிறது. குதிரையை சி6க்குக் கொணர்கிறது. தன் டி வரிசைச் சிப்பாய் முன்னரே வெட்டுப்பட்டு வழி திறந்திருப்பதால் அரசியும் டி8இல் இருந்தே சேர்ந்துகொள்கிறது. ஒரே சிப்பாயின் மேல் நான்கு தாக்குதல்கள்! அதைக் காப்பதிலேயே வெள்ளையின் காய்கள் கட்டுண்டு போகின்றன.

நம் மாணவர் தவறியது இங்கேதான். மந்திரியை வைத்தார்; சி5ஐ ஆடவே இல்லை. பொறுத்திருத்தல் பாதி முறைதான். காலத்தில் அடிப்பது மறுபாதி. அடி தாமதமானால் எதிரி தன் சிப்பாய்களுக்கு வேண்டிய காவலை அமைத்துக்கொள்வான். பின்னர் நமக்கு நெருக்கடி ஒன்றே மிஞ்சும். இதனால், ஆடத் தொடங்கி ஓராண்டு நிரம்பாதவர்கள் பழைய முறையிலேயே ஆடுவது நன்று என்பது நம் கருத்து. நடுக்களத்தைப் பிடித்துப் பழகாதவருக்கு அதை எப்படித் தகர்ப்பது என்பது தெரியாது.

அலெகைன் 1921இல் புடாபெஸ்டில் ஆடிக் காட்டிய தற்காப்பும் இவ்வகையே. அதில் கறுப்பு தன் குதிரையையே தூண்டில் இரையாக்கி வெள்ளைச் சிப்பாய்களை முன்னே இழுக்கிறது.

இம்முறையின் புகழ்பெற்ற வெற்றி 1924இல் நியூயார்க்கில் நிகழ்ந்தது. எட்டு ஆண்டுகளாக ஓர் ஆட்டத்திலும் தோற்காத உலக வெற்றிவீரர் காப்பாபிளாங்காவை எதிர்த்து ரெட்டி வெள்ளைக் காய்களுடன் ஆடினார். முதல் 15 நகர்த்தல்களில் நடுவிலுள்ள நான்கு கட்டங்களில் ஒன்றிலேனும் அவருடைய காய் கால் வைக்கவில்லை. இரு மந்திரிகளும் ஓரங்களில் நின்று காவல் புரிந்தன. 16ஆம் நகர்த்தலில்தான் அவருடைய சிப்பாய் டி4இல் அடியெடுத்து வைத்தது. 31ஆம் நகர்த்தலுடன் காப்பாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இவ்வாட்டத்தைக் கழகத்தில் நாம் காய் காயாக ஆடிப் பார்த்தோம். மறுவாரம் அதே மாணவர், அதே மந்திரியை, அதே ஜி7இல் வைத்தார். இம்முறை அரசனைப் பாதுகாப்பாகக் கோட்டைக்குள் அமர்த்தியவுடன் சி5ஐ ஆடினார். வெள்ளையின் டி4 சிப்பாய் சிறிது நேரத்தில் வீழ்ந்தது. பின்னர் அவசரத்தில் ஒரு குதிரையை இழந்து அவர் சமநிலையில் முடித்தது வேறு கதை.