படம் காட்டிய புயலும் விட்டுவிட்ட புயலும்

செவ்வாய்க் கிரகத்தில் அடிக்கும் புயல் ஒரு மனிதனைத் தூக்கி எறியுமா? 'தி மார்ஷியன்' படத்தைப் பார்த்தவர்கள் 'எறியும்' என்றுதான் சொல்வார்கள். படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பெரும் புழுதிப் புயல் வருகிறது. விண்வெளி வீரர்கள் பூமிக்குத் திரும்பவேண்டிய ராக்கெட் சாய்ந்துவிடும் போலிருக்கிறது. பறந்து வந்த ஆன்டெனா ஒன்று மார்க் வாட்னி என்ற வீரரைத் தாக்கி இருளுக்குள் தள்ளுகிறது. அவர் இறந்துவிட்டார் என்று நினைத்து மற்ற ஐவரும் கிளம்பிவிடுகிறார்கள். தனியாக விடப்பட்ட வாட்னி எப்படி உயிர் பிழைத்தார் என்பதே மீதிக் கதை.

ரிட்லி ஸ்காட் இயக்கி 2015இல் வெளிவந்த இந்தப் படம், ஆண்டி வியர் எழுதிய நாவலைத் தழுவியது. வியர் ஒரு கணினி நிரலாளர். அத்தியாயங்களை ஒவ்வொன்றாகத் தம் இணையத்தளத்தில் வெளியிட்டார். அறிவியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்திக்கொண்டே எழுதினார். 2011இல் அவரே மின்னூலாகவும் வெளியிட்டார். அதனால்தான் இந்த நாவலில் கணக்கும் வேதியியலும் நிறைந்திருக்கின்றன.

அப்படிப்பட்ட நாவலிலும் தெரிந்தே வைத்த தவறு ஒன்று உண்டு. அதுதான் அந்த முதல் புயல்.

காற்று எவ்வளவு தள்ளும்?

காற்று நம்மைத் தள்ளும் விசை இரண்டைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, காற்றின் வேகம். அடர்த்தி இரு மடங்கானால் விசையும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ விசை நான்கு மடங்காகும்.

பூமியின் தரைமட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம். செவ்வாயில் அது சுமார் 0.02 கிலோகிராம்தான், அதாவது அறுபதில் ஒரு பங்கு. நாவலில் வரும் புயலின் வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர். அதே விசையைப் பூமியில் உண்டாக்க எவ்வளவு வேகமான காற்று வேண்டும்? அறுபதின் வர்க்கமூலம் சுமார் 7.7. எனவே 175ஐ 7.7ஆல் வகுத்தால் போதும். விடை, மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர்.

மிதிவண்டியை வேகமாக மிதிக்கும்போது முகத்தில் படும் காற்றுக்கு இது சமம். குடையைப் பிடித்துக்கொள்ளச் சற்றுச் சிரமமாக இருக்கலாம், ஆனால் ராக்கெட் சாயாது. வியருக்கும் இது தெரியும். மனிதனுக்கும் இயற்கைக்கும் நடக்கும் போராட்டத்தில் முதல் அடியை இயற்கையே கொடுக்கட்டும் என்று நினைத்து அப்படி எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

நாவலில் இன்னொரு புயல்

நாவலின் பிற்பகுதியில் வாட்னி தம் ரோவரில் சுமார் 3,200 கிலோமீட்டர் பயணம் செய்கிறார். அங்கே நிற்கும் வேறொரு ராக்கெட்தான் அவர் பூமிக்குத் திரும்ப ஒரே வழி. பகலில் சூரியத் தகடுகளை விரித்து மின்கலத்தில் மின்சாரம் சேமிப்பார், பிறகு ஓட்டுவார். அதற்கு முன்பே ஒரு விபத்தில் தகவல்தொடர்புக் கருவி கெட்டுப்போனதால், பூமியோடு பேச வழியில்லை.

அப்போது ஒரு புழுதிப் புயல் அவர் பாதையில் வருகிறது. துணைக்கோளம் வழியாக நாசா அதைப் பார்க்கிறது, ஆனால் எச்சரிக்க முடியவில்லை. வாட்னிக்கோ எதுவும் தெரியவில்லை. இரைச்சல் இல்லை, தூக்கி எறியும் காற்றும் இல்லை. தகடுகள் தரும் மின்சாரம் சில விழுக்காடு குறைந்திருப்பது மட்டும் ஒரு நாள் அவர் கண்ணில் படுகிறது.

அந்தச் சில விழுக்காட்டில்தான் ஆபத்து இருக்கிறது. புயலுக்குள் போகப் போக வெளிச்சம் குறையும். வெளிச்சம் குறைந்தால் மின்சாரம் குறையும், மின்சாரம் குறைந்தால் ஒரு நாளில் ஓடும் தூரமும் குறையும். கடைசியில் புயலைவிட்டு வெளியேறும் அளவுக்குக்கூட ஓட முடியாமல் போய்விடும். வாட்னி வெவ்வேறு இடங்களில் சிறு சூரியத் தகடுகளை வைத்து, அவை தரும் மின்சாரத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார். எந்தப் பக்கம் புழுதி குறைவு என்று அறிந்து வண்டியைத் திருப்புகிறார்.

அறிவியல்படி இதுதான் சரியான செவ்வாய்ப் புயல். அங்குள்ள புழுதி புகைத்துகள் அளவுக்கு நுண்ணியது. அதனால் மெல்லிய காற்றிலும் மேலெழுந்து, பல வாரங்கள் மிதக்கும். நம் ஊரில் புகைமூட்டம் வரும்போது சூரியன் மங்குவதை நினைத்துப் பாருங்கள். அதையே பல மடங்கு அடர்த்தியாக, ஒரு கிரகம் முழுவதும் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பகுதி படத்தில் இல்லை. காரணம் எளிது. நாவல் பெரும்பாலும் வாட்னியின் நாட்குறிப்பாக எழுதப்பட்டது. மின்சாரம் குறைந்தது, ஏன் என்று யோசித்தேன், இப்படிச் சோதித்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதலாம். இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவான படத்தில் ஒருவர் எண்களைப் பார்த்து யோசிப்பதை எவ்வளவு நேரம் காட்ட முடியும்? இரைச்சலோடு வரும் முதல் புயல் திரைக்குப் பொருந்தியது. ஓசையில்லாமல் வரும் இரண்டாவது புயல் பொருந்தவில்லை.

மூன்று ஆண்டுகளில் வந்த உண்மைப் புயல்

படம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 ஜூன் மாதம் செவ்வாய் முழுவதையும் ஒரு புழுதிப் புயல் சூழ்ந்தது. அங்கே நாசாவின் ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் இருந்தது. 2004 ஜனவரியில் இறங்கிய அதற்குத் திட்டமிடப்பட்ட ஆயுள் 90 செவ்வாய் நாள்கள்தான். ஆனால் 14 ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து, 45 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது.

காற்று அதைக் கவிழ்க்கவில்லை. சூரியன்தான் மறைந்தது. வழக்கமாக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான வாட்-மணி மின்சாரம் பெற்ற ரோவருக்கு, ஜூன் 10ஆம் தேதி கிடைத்தது 22 வாட்-மணி. அன்றோடு அதன் குரல் நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள் அனுப்பியும் பதில் வராததால், 2019 பிப்ரவரி 13ஆம் தேதி நாசா அதற்கு விடைகொடுத்தது. கதிரியக்கப் பொருளின் வெப்பத்திலிருந்து மின்சாரம் பெறும் கியூரியாசிட்டி ரோவரோ அதே புயலில் தொடர்ந்து வேலை செய்தது.

ஆகவே மாணவர்களே, படத்தை ரசியுங்கள். அதன் பிறகு நாவலையும் படியுங்கள். படத்தில் எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்று பட்டியல் போடுங்கள். விடப்பட்டவற்றில்தான் சில சமயம் நல்ல அறிவியல் ஒளிந்திருக்கும்.

நீங்களே கணக்கிடுங்கள்

வெள்ளிக் கிரகத்தின் தரைமட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை சுமார் 65 கிலோகிராம். அங்கே மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நாம் நடக்கும் வேகத்தில், காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விசை பூமியில் எந்த வேகக் காற்றுக்குச் சமம்?

விடை: 65ஐ 1.2ஆல் வகுத்தால் சுமார் 54. அதன் வர்க்கமூலம் சுமார் 7.4. அதை 5ஆல் பெருக்கினால், மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்.